வேலிக்கு மேலால் கொடுத்த கிழங்கு

செப்டெம்பர் 7, ஞாயிறு

ஐரிஸ் பூப்பற்றையை இன்று ஒருவழியாகக் கிளப்பிவிட்டோம். போன வருடமே செய்திருக்க வேண்டும். நடுப்பகுதி செத்துப்போய், சுற்றிவர மட்டும் பச்சை பிடித்து, என் கணவரின் தலையைப் போல ஆகிவிட்டது. அதை அவரிடமே சொன்னேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

சைபீரியன் ஐரிஸ் என்றால் சும்மா இல்லை. வேர் கயிறு முறுக்கியதுபோல் இறுகிக் கிடந்தது. மண் கிண்டும் இரும்பு முள்ளுகள் இரண்டை முதுகோடு முதுகு குத்தி விரித்தும் பிரியவில்லை. கடைசியில் இவர் மரம் அறுக்கும் வாளால் அறுத்தார். ஒவ்வொரு துண்டிலும் நாலைந்து முளை இருக்கும்படி பிரித்து, இலையைப் பாதியாக வெட்டி, வேர் காயாமல் வாளித் தண்ணீரில் போட்டேன். இந்த வேர் காய்ந்தால் பிறகு பிழைக்காது.

பின்வளவில் முயல்கள் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டன. இதைமட்டும் தொடவில்லை. கிழங்கு நஞ்சு, வாயில் வைத்தால் வயிற்றைப் பிரட்டும் என்று அவற்றுக்குத் தெரியும். கையுறை போட மறந்ததில் சாறு பட்டு என் மணிக்கட்டும் சிவந்து தடித்திருக்கிறது.

நட்டுக்கொண்டிருக்கும்போது வேலிக்கு மேலால் இராசமலரின் தலை தெரிந்தது. புருஷன் போன பிறகு தங்கை சுகிர்தாவோடு பக்கத்து வீட்டில் இருக்கிறாள். எனக்கு மண்ணைப் பற்றிப் பாடம் எடுப்பதுதான் அவளுடைய பொழுதுபோக்கு. இந்தக் குளிர்நாட்டுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் தாவரவியல் படிப்பித்தவள் நான். போன மாதம் கோயிலில் பத்துப்பேர் முன்னால், "ரீச்சருக்குப் புத்தகத்தில இருக்கிற மரம்தான் தெரியும், வளவில நிக்கிற மரம் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

இன்று வாளியை எட்டிப் பார்த்தாள்.

"இது வசம்பெல்லோ ரீச்சர்?"

நான் வாய் திறக்குமுன் தொடர்ந்தாள். "எங்கட அம்மா கிணத்தடியில வைச்சிருந்தவ. இந்த வாள் மாதிரி இலை, இந்தக் கணுக் கணுவான கிழங்கு. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்." ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். "மணக்கேல்லை எண்டு பாக்கிறீங்களோ? பச்சையில மணக்காது. காஞ்சாத்தான் மணக்கும்."

வசம்பு பச்சையாக இருக்கும்போதே ஊரைக் கூட்டும். இலையைக் கசக்கினாலே போதும்.

"ஓம்," என்றேன்.

"எனக்கும் ரெண்டு துண்டு தாங்கோ. குழந்தைப்பிள்ளை இருக்கிற வீட்டில ஒண்டு இருக்கோணும். கடையில விக்கிறது புழு திண்ட பழசு."

நட மிஞ்சியிருந்த துண்டுகளைப் பையில் போட்டு வேலிக்கு மேலால் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனாள்.

இவர் வாளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீர் ஏன் அவவுக்குச் சொல்லேல்லை, அது வசம்பில்லையெண்டு?"

"அவ கேக்கேல்லை. எனக்குச் சொன்னவ."

நடட்டும். ஜூனில் நீலமாகப் பூக்கும்போது வேலியடியில் கதிரை போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கப்போகிறேன். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது. முதுகு நோவுகூடத் தெரியவில்லை.

செப்டெம்பர் 8, திங்கள்

நட்டதற்குத் தண்ணீர் விட்டேன். முதல் சில வாரம் ஈரம் குறையக்கூடாது.

செப்டெம்பர் 12, வெள்ளி

இராசமலர் வீட்டுப் பின்பக்கத்து மரத்தளத்தில் பேப்பர் விரித்து, நான் கொடுத்த கிழங்குகளை வெயிலில் காயவைத்திருக்கிறாள். வேரையெல்லாம் வெட்டி, கழுவி, அழகாக அடுக்கியிருக்கிறாள்.

நடுவதற்குமுன் யாராவது இப்படிக் காயவிடுவார்களா? இனி அது முளைக்காது. ஜூன் மாதத்து வேடிக்கை போய்விட்டதே என்று கவலையாக இருந்தது. ஒன்றும் தெரியாதவள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

மத்தியானம் பருப்பும் வல்லாரைச் சம்பலும் வைத்தேன். இவர் சன்னலால் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட வரச்சொல்லி இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

செப்டெம்பர் 18, வியாழன்

தபால்பெட்டியடியில் சுகிர்தாவைக் கண்டேன். பிள்ளையை நெஞ்சில் கட்டியிருந்தாள். கலியாணமாகி எத்தனையோ வருடம், எத்தனையோ வைத்தியம், எத்தனையோ நேர்த்திக்குப் பிறகு ஆடி மாதம் பிறந்த பிள்ளை. ஆரணி என்று பெயர். கன்னம் இரண்டும் இடியப்ப மா உருண்டைபோல இருக்கும். என் விரலைப் பிடித்தால் விடமாட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று கன்னம் கொஞ்சம் வாடியிருந்தது.

"வாயு ரீச்சர். ஒரே அழுகை. அக்கா ஊர் மருந்து ஏதோ சுட்டு உரைச்சு நாக்கில தடவுறா. டொக்டருக்குச் சொன்னா ஏசுவார், சொல்லேல்லை."

"என்ன மருந்து?" என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. அதற்குள் பிள்ளை அழத் தொடங்கிவிட்டது, அவள் போய்விட்டாள்.

நம்மவர்களில் பாதிப்பேர் வசம்பு சுட்டுக் கொடுத்துத்தான் பிள்ளை வளர்த்தார்கள். பிளாசாவில் எந்தத் தமிழ்க்கடைக்குப் போனாலும் வசம்பு இருக்கும். வாங்கியிருப்பாள்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

மழை. தண்ணீர் விடும் வேலை இல்லை.

ஆரணிக்குச் சத்தியும் வயிற்றுப்போக்குமாம். வைரஸ் என்று டொக்டர் சொன்னாராம். இப்போது எல்லா வீட்டிலும் அதுதான். பள்ளிக்கூடம் தொடங்கினால் இப்படித்தான் பரவும் என்று இவரிடம் சொன்னேன்.

"அந்த வீட்டில ஆர் பள்ளிக்கூடம் போறது?" என்றார்.

இந்த மனிதர் வருடக்கணக்காக ஒன்றுக்கும் குறுக்குக் கேள்வி கேட்காதவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இராசமலர் நடுவதற்கென்றுதான் என்னிடம் வாங்கினாள். அவள் பிறகு என்ன செய்தாலும் அதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

செப்டெம்பர் 26, வெள்ளி

நவராத்திரிக்குச் சுகிர்தா வீட்டில் அழைப்பு. போகாமல் விட நினைத்தேன். போனேன். அவலும் கடலையும் கொண்டுபோனேன்.

கும்பத்தின் முன்னால் ஏழெட்டுப் பெண்கள். சுகிர்தா மேலே பிள்ளையோடு இருந்தாள். நான் குசினிக்குள் பாத்திரம் வைக்கப் போனேன். அங்கே மேசையில் உரைகல். அதன் பக்கத்தில் ஒரு முனை கரிந்த கிழங்குத் துண்டு. எங்கள் வாளின் பல் பட்ட தழும்பு அதில் அப்படியே இருந்தது.

இராசமலர் பின்னால் வந்து என் தோளைப் பிடித்தாள்.

"உங்கட வசம்புதான் ரீச்சர். கடையில வாங்கினதைத் தூக்கி எறிஞ்சிட்டன்." பிறகு முன்னறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டுபோய் எல்லோரிடமும் சொன்னாள். "ரீச்சர் வளவில வளத்துத் தந்தவ. தாவரவியல் ரீச்சரே ஓமெண்டு சொன்ன பிறகு வேறென்ன வேணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாடினேன்.

வெளிக்கிடும்போது அவளைத் தனியாக வாசலில் பிடித்து ஒருவிதமாகச் சொல்லிவிட்டேன். "இராசமலர், அது இன்னும் பச்சை. பச்சை வசம்பு பிள்ளைக்குக் குடுக்கக்கூடாது. ஒரு வருசமாவது காயவேணும்."

அவள் யோசித்தாள். தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து இவரிடம், சொல்லிவிட்டேன், இனிக் கொடுக்கமாட்டாள் என்றேன்.

"என்ன சொன்னனீர்?"

சொன்னதைச் சொன்னேன். அவர் சேர்ட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு போய்ப் படுத்தார்.

செப்டெம்பர் 27, சனி

காலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இராசமலர் வேலியடிக்கு வந்தாள்.

"நீங்கள் சொன்னது சரிதான் ரீச்சர். பச்சைக்கு வீரியம் காணாது. அதுதான் பிள்ளைக்குச் சுகம் வரேல்லை. இப்ப ரெண்டு இழைப்புக் கூட உரைச்சுக் குடுக்கிறன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை..." என்று தொடங்கினேன். உள்ளே பிள்ளை வீரிட்டது. "வாறன், வாறன்" என்று ஓடிவிட்டாள்.

போய்ச் சொல்லியிருக்கலாம். கதவு பூட்டியிருக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றேன். பாத்தி சேறாகிவிட்டது. ஐரிஸ் ஈரத்தைப் பொறுக்கும்.

செப்டெம்பர் 29, திங்கள்

மத்தியானம் அம்புலன்ஸ் வந்தது. வாகீசன், சுகிர்தாவின் புருஷன், லொறியோடு அமெரிக்காவில் நிற்கிறான். சுகிர்தா செருப்பில்லாமல் பிள்ளையோடு ஏறினாள். பிள்ளை அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தலை அவள் கையில் தொங்கியது.

இராசமலர் வாசலில் நின்று கும்பிட்டாள்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

சேலைன் ஏறுகிறதாம். என்னவென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். கண்டுபிடிப்பார்கள். பெரிய ஆசுப்பத்திரி, எல்லாக் கருவியும் இருக்கிறது. இங்கேயிருக்கும் டொக்டர்மார் சும்மாவா?

அலுமாரி எல்லாம் துடைத்தேன்.

ஒக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. என் பழைய தாவரவியல் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்தேன். கற்பூரம் கொளுத்தும்போது இவர் சொன்னார். "அந்தப் பிள்ளை செத்தா இந்தப் புத்தகங்களை என்ன செய்யிற யோசனை?"

நான் அழுதேன். நாளைக்குப் போகிறேன் என்றேன். இன்று நல்ல நாள், இன்றைக்கு இப்படியான கதை கொண்டு போகக்கூடாது என்றேன். எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 3, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று காலையில் எழுதுகிறேன்.

வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோதே பின்கதவைத் தட்டினாள் இராசமலர். தலை வாரவில்லை. கையில் சின்ன மண்வெட்டி.

"ரீச்சர், வசம்பு முடிஞ்சுபோச்சு. இன்னொரு துண்டு கிண்டித் தாங்கோ."

"பிள்ளை ஆசுப்பத்திரியில எல்லே?"

"அதுக்குத்தான். அவங்கள் ஊசி குத்துறாங்களே தவிர ஒண்டும் பிடிபடேல்லை. நேர்ஸ் வெளியில போற நேரம் விரல்ல தொட்டு நாக்கில வைக்கிறன். சுகிர்தாவுக்கும் தெரியாது. வாகீசன் வந்தா விடான், அதுக்கு முதல் பிள்ளையை எழுப்பிப்போட வேணும்."

அவள் கண்ணில் தண்ணீர். அந்தப் பிள்ளையில் அவள் வைத்திருந்த பாசத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

"இராசமலர், அது வசம்பில்லை," என்றேன். "அது பூமரம். ஐரிஸ். கிழங்கு நஞ்சு. குடுக்காதேங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

என்னை அவள் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பயமோ அதிர்ச்சியோ அதில் இல்லை. வெறுப்புத்தான் இருந்தது.

"தர விருப்பமில்லாட்டி விருப்பமில்லையெண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு ஓமெண்டனீங்கள். நவராத்திரிக்குப் பச்சையெண்டனீங்கள். இப்ப நஞ்செண்டுறீங்கள். ஒரு கிழங்குக்கு இவ்வளவு கதையோ? பிள்ளை பெத்து வளத்திருந்தா உங்களுக்கு விளங்கியிருக்கும்."

சொல்லிவிட்டு, நான் நட்ட பாத்தியில் குனிந்து ஒரு செடியைக் கிண்டி எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, மண்ணோடு சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் அவளுக்கு ஊபர் நின்றது.

திரும்பினால் இவர் கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். "நீர் வாறீரோ, நான் தனியப் போகட்டோ?"

போனோம். சிவப்பு விளக்கில் நின்ற ஒவ்வொரு தரமும் அவள் முந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

அறையில் சுகிர்தா இருந்தாள். பிள்ளை கண்ணாடித் தொட்டிலில், மூக்கிலும் காலிலும் குழாய். இராசமலர் தொட்டிலோரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. நேரே தாதியிடம் போய் ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். என்ன செடி, எந்தப் பகுதி, எப்படிக் கொடுத்தாள், கைப்பையில் இப்போதும் இருக்கிறது. வகுப்பில் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னேன் என்று இவர் பிறகு சொன்னார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

ஓடினார்கள். கைப்பையை வாங்கினார்கள். நஞ்சுத் தகவல் நிலையத்துக்குப் போன் பண்ணினார்கள். இராசமலர் தமிழில் கத்தினாள். "ரீச்சர் தந்தது! ரீச்சரைக் கேளுங்கோ!" தாதிமாரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

பிறகு சுகிர்தா நடைக்கூடத்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு எப்ப ரீச்சர் தெரியும்?"

இவர் தரையைப் பார்த்தார்.

"இண்டைக்குத்தான் பிள்ளை," என்றேன். "அவ காலமை வந்து இன்னும் துண்டு கேட்ட உடனதான் விளங்கினது. உடன ஓடி வாறன்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

ஒக்டோபர் 4, சனி

கண் திறந்தாளாம்.

ஒக்டோபர் 9, வியாழன்

பிள்ளை பால் குடிக்கிறாள், சத்தி இல்லை. இன்னும் சில நாளில் வீட்டுக்கு விடுவார்கள்.

வாகீசன் வந்து நன்றி சொன்னான். வாசலில் நின்றே கதைத்தான். "ரீச்சர் ஓமெண்டு சொன்னவ, பிறகு பச்சையெண்டவ எண்டு மச்சாள் இப்பவும் சொல்லுறா. முப்பது வருசம் படிப்பிச்ச உங்களுக்கு வசம்பு எது, பூமரம் எதெண்டு தெரியாதோ? பிழையை ஒத்துக்கொள்ள மனம் வராத ஆள்."

ஒரு பிஸ்கட் எடுங்கோ தம்பி என்றேன்.

பிள்ளைகள் நலன் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, இராசமலரைப் பிள்ளையோடு தனியே விடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாளாம்.

ஒக்டோபர் 13, திங்கள்

இராசமலர் மொன்றியலுக்கு மகனிடம் போகிறாள். சன்னல் சீலையின் பின்னால் நின்று பார்த்தேன். ஒருவரும் அவளை வழியனுப்ப வெளியே வரவில்லை. இவர் போய் அவளுடைய சூட்கேசைத் தூக்கிக் காரில் வைத்தார். அவள் ஏதோ சொன்னாள். இவர் கைகூப்பினார்.

உள்ளே வந்தபோது என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"பிள்ளையைப் பாத்துக்கொள்ளச் சொன்னவ."

ஒக்டோபர் 25, சனி

சுகிர்தா பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினாள். மெலிந்திருக்கிறாள், ஆனால் சிரிக்கிறாள். என் விரலைப் பிடித்தாள்.

சுகிர்தாவுக்குப் பிளாசாவில் சொந்தத் தையற்கடை. அக்காவை நம்பித்தான் அதைத் திரும்பத் திறக்க இருந்தாள். "இனி ஆரையும் நம்பி விடமாட்டன் ரீச்சர். உங்களை மட்டும்தான். பகலில பாத்துக்கொள்ளுவீங்களோ?"

இவர் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி கோப்பையில் படும் சத்தம் நின்றுவிட்டது.

"அதுக்கென்ன பிள்ளை," என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் உறைபனி. ஐரிஸ் பாத்திக்கு வைக்கோல் மூடினேன். ஒரு செடியை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது.

எட்டு மணிக்குச் சுகிர்தா பிள்ளையைத் தந்துவிட்டுப் போனாள். பால்போத்தல், மாற்றுடுப்பு, கரடிப்பொம்மை. பிள்ளையின் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு என்னையும் ஒரு தரம் கட்டிப்பிடித்தாள்.

இவர் மத்தியானம்வரை பக்கத்தில் வரவில்லை. பிறகு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீர் அவளுக்குச் சொல்லும். பின்னேரம் வந்த உடன சொல்லும். உமக்குத் தெரிஞ்சது எப்பவெண்டு சொல்லும். இல்லாட்டி நான் சொல்லுவன்."

"மெதுவாக் கதையுங்கோ," என்றேன்.

சொல்லத்தான் வேண்டும். பிள்ளை இப்போதுதான் என் மடியில் நித்திரையானாள்.